கும்பிட்ட இருபத்து நான்கு நாட்கள்

பள்ளியில் வேலை பார்த்த நான்கு வருடங்களும் நரம்பு மண்டலப் பாடம் வந்தால் மட்டும் நான் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைப்பேன். ஒரு வரிசையில் எட்டுப் பெண்கள், கை கோத்துக்கொண்டு. முதல் பெண்ணின் கையை நான் அழுத்துவேன். அவள் அடுத்தவள் கையை அழுத்த வேண்டும், அவள் அதற்கடுத்தவள் கையை. கடைசிப் பெண்ணுக்குப் பக்கத்தில் நடைவழி. அதற்கு அந்தப் பக்கம் பையன்களின் வரிசை. எட்டினால்கூட எங்கள் பள்ளியில் அந்தக் கையைப் பிடிக்க முடியாது. அதனால் அவளிடம் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்து வைத்திருப்பேன். அழுத்தம் வந்து சேர்ந்ததும் அவள் அதை எறிவாள். பையன் பிடித்தால் அந்த வரிசையில் மறுபடி கையழுத்தம் தொடங்கும்.

"கை வழியா ஓடுறது கரன்ட். சாக்பீஸ்தான் கெமிக்கல். ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. அதைத் தாண்டணும்னா முனையில சின்னச் சின்னப் பையில வச்சிருக்கிற கெமிக்கலைக் கொட்டணும். அடுத்த செல் அதை வாங்கித் திரும்பவும் கரன்ட்டா மாத்திக்கும்."

"மிஸ், அவன் கேட்ச் விட்டுட்டா?"

"சேதி அங்கயே நின்னுடும்."

"அப்ப நிச்சயம் நின்னுடும் மிஸ். அவனை நாங்க டீம்லயே சேர்க்கிறதில்ல."

வரிசையில் ஒரு பெண்ணுக்கு மட்டும் வேறு வேலை கொடுப்பேன். அவள் யாரையும் அழுத்தக் கூடாது, பக்கத்தில் இருப்பவளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்த விடாமல் வைத்திருக்க வேண்டும். "சும்மா இருக்கச் சொல்றதுக்கு ஒரு ஆளா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். மூளையில் அப்படியும் செல்கள் உண்டு, அவை கொட்டுகிற கெமிக்கலுக்கு காபா என்று பெயர் என்றேன். "பேரை எழுதி வச்சுக்கோங்க. ஆனா பரீட்சைக்கு வராது."

ஒருமுறை பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டு பதினாறு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். கத்தலும் சிரிப்புமாக பெஞ்சு ஆடியது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நானும் அன்று சிரித்தேன்.

வயிற்றில் ஏழு மாதமானபோது வேலையை விட்டேன். மகள் பிறந்தாள். ஆவடியில் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குடியிருப்பில் எங்கள் வீடு. மேல் தளத்தில் இரண்டு வீடுகள்தான். எதிர் வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். அவர் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் பகல் முழுக்க எங்கள் கதவு அவருக்குத் திறந்தே இருக்கும். அவர் இல்லையென்றால் அந்த முதல் மாதங்களில் நான் குளித்திருக்கவே மாட்டேன்.

மகளுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்த ஒரு பிற்பகல், அக்கா என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "ஏளா, இங்க வந்து பாரு. பிள்ளை கும்பிடுது."

அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள். பாயில் மல்லாந்து கிடந்தவளின் இரண்டு கைகளும் சட்டென்று மேலே எழும்பி நெஞ்சுக்கு முன்னால் நெருங்கின. தலை குனிந்தது. ஒரு நொடி. பிறகு தளர்ந்தாள். நாலைந்து நொடி கழித்து மறுபடியும். ஏழு முறை. பார்க்க அப்படியே பெரியவர்கள் வாசலில் நின்று வணக்கம் சொல்வதுபோல இருந்தது. அக்கா பதிலுக்குக் கும்பிட்டார். "வாங்க வாங்க, யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் பிடித்திருந்தது. இதை நான் மறைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் அதைக் கைப்பேசியில் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மாலையில் வெளியே வந்ததும் பார்த்துவிட்டு ஒரு இதயப் படத்தைப் பதிலாக அனுப்பினார். அக்காவுக்கோ நான் படம் எடுத்தது பிடிக்கவில்லை. "சாமி கும்பிடுற பிள்ளையப் போய் படம் புடிக்கியே. நாலு பேரு கண்ணு பட்டா நின்னுரும்." திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காகக் குழந்தை விஷயத்தில் எதற்கு வம்பு என்று தோன்றியது. என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன்.

நான் தேடிப் பார்க்காமலும் இல்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, 'தூங்கி எழும்போது குழந்தை கைகளைத் தூக்குவது' என்று கூகுளில் போட்டேன். முதலில் வந்தது, குழந்தைகள் திடுக்கிட்டுக் கை விரிப்பது இயல்பு, ஆறு மாதம் வரை இருக்கலாம் என்றது. மோரோ அனிச்சைச் செயல், எனக்குத் தெரிந்த பெயர்தான். தெரிந்த பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன். அது கை விரிப்பது, இது கை குவிவது. விலங்கியலில் முதுகலை படித்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் திருவேற்காடு கோயிலுக்குப் போனோம். அக்காவின் யோசனை. வரிசையில் நிற்கும்போதே என் தோளில் தூங்கிவிட்டாள். சன்னிதிக்கு நேரே வந்த நேரத்தில் மணியடித்தது, விழித்துக்கொண்டாள். விழித்ததும் தொடங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. என் தோளில் சாய்ந்தபடி, கைகளைக் குவித்து, தலையைத் தாழ்த்தி. பின்னால் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். "அம்மனைக் கும்பிடுது பாருங்க." யாரோ தன் தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி என் மகளின் தலையில் வைத்தார். ஒன்பது முறை கும்பிட்டாள். என் கண்ணில் நீர் வந்தது. பெருமையில் வந்தது.

அந்த வாரத்தில்தான் அவள் சிரிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் நான் குனிந்தால் போதும், வாய் முழுக்கத் திறக்கும். பிறகு குனிந்தால் என் காதுக்குப் பின்னால் எதையோ பார்ப்பாள். பல் முளைக்கப் போகிறது, அதனால் சுணக்கம் என்று அக்கா சொன்னார். நான் ஈறில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் தடிப்பாக இருப்பதுபோல எனக்கே தோன்றியது.

கும்பிட்டு முடித்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். "உரம் விழுந்திருக்கும்" என்றார் அக்கா. குழந்தையைச் சரியாகத் தூக்காவிட்டால் கழுத்திலோ விலாவிலோ பிடித்துக்கொள்ளும் என்பார்கள், அதுதான் உரம். அதை எடுக்கத் தெரிந்தவர்கள் குழந்தையைப் பழைய புடவையில் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல உருட்டுவார்கள். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு அம்மா எடுப்பதாக அக்கா விசாரித்து வைத்திருந்தார். இருபதாம் நாள் ஆட்டோவில் போனோம்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து மகளை அதில் கிடத்திக்கொண்டார். கட்டை விரலால் கழுத்தின் இரண்டு பக்கமும் நீவினார். விலாவை நீவினார். ஆட்டோவில் தூங்கி அப்போதுதான் விழித்திருந்த மகள் அவர் மடியிலேயே தொடங்கினாள். அந்த அம்மா கையை எடுத்துவிட்டு, முழுவதும் முடியும் வரை பார்த்தார்.

"எத்தினி நாளா இப்டி பண்ணுது?"

"மூணு வாரம் இருக்கும்மா."

"இது உரம் இல்லமே. உரம்னா கயுத்தத் திருப்ப சொல்லோ அயும். இது பண்ணி முட்ச்சிட்டு அயுது. நான் கை வெக்க மாட்டேன். டாக்டராண்ட இட்னு போ."

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "சாமி கும்பிடுற மாதிரில்லாம்மா இருக்கு?"

"யாரக் கும்புடுது? கண்ணப் பாருமே. நம்மள பாக்கவே இல்ல."

புடவையை மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நாங்கள் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டிய தட்டைக்கூட வாங்கவில்லை. "எடுக்காததுக்கு இன்னாத்துக்கு? மொதல்ல கெளம்பு" என்றார்.

அன்றே போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. நான்கு நாள் கழித்து ஆறாம் மாதத் தடுப்பூசி இருந்தது, அப்போது சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அது வெளியே சொன்ன காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. பயாலஜி டீச்சராயிருந்துவிட்டு, திடுக்கிடுவதற்கெல்லாம் ஓடிவருகிறீர்களே என்று டாக்டர் சிரித்தால் என்ன செய்வது? உரம் எடுப்பவர் சொல்லி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? இந்த இரண்டு கூச்சத்துக்கு நான் நான்கு நாள் கொடுத்தேன்.

தடுப்பூசி டாக்டர் சிரிக்கவில்லை. ஒருமுறை பார்த்ததும் ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். "நாளைக்கே போங்க. நாளை மறுநாள் வேண்டாம்." நகரத்தில் குழந்தைகளுக்கான ஒரு பெரிய மருத்துவமனை. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், குழந்தை அங்கே வந்துதான் தூங்க வேண்டும், அதுவரை தூங்க விடாமல் கொண்டுவாருங்கள் என்றார்.

ஆவடியிலிருந்து ரயிலில் அவளைத் தூங்க விடாமல் கொண்டுபோனேன். கண் சொருகும்போதெல்லாம் பாதத்தைச் சுரண்டினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். எதிரில் இருந்த ஒரு பெண் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "ஏம்மா, புள்ள தூக்கத்துக்கு ஏங்குது. தூங்க விட்டா உனக்கு இன்னா?" நான் மறுபடி அவள் பாதத்தைச் சுரண்டினேன். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலையில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பால் கொடுத்தேன், தூங்கினாள். திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. கரும்பலகையில் நான் வரைந்த அலை எனக்கு நினைவிருக்கிறது. சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே, ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், பிறகு ஓய்வு. இந்தத் திரையில் ஓய்வு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு கோடும் தன் போக்கில் எகிறிக்கொண்டிருந்தது, பேனாவை முதன்முதலாகப் பிடித்த குழந்தையின் கிறுக்கல் மாதிரி. விழித்தாள். கும்பிட்டாள். அந்த நொடியில் மட்டும் கிறுக்கல் முழுவதும் தட்டையாகிப் போனது. மறுபடி எகிறியது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பொத்தானை அழுத்திக் குறித்துக்கொண்டார்.

நரம்பியல் டாக்டர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். கணவர் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அறையில் நானும் மகளும்தான்.

"இது எப்போதிலிருந்து?"

"ஒரு வாரமா, மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நூறு முறை என்னையே கேட்டிருக்கிறேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாய் திறந்ததும் வந்தது அதுதான். அவர் ஏழு நாள் என்று எழுதினார். எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சீக்கிரமே கூட்டிட்டு வந்திருக்கீங்க. நிறைய பேர் மாசக்கணக்கில விட்டுடுவாங்க. படிச்சவங்க, அதான் கவனிச்சிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இது ஒரு வகை வலிப்பு என்றார். கீழே விழுந்து வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பில்லை, இந்த வயதில் இப்படித்தான் வரும், கும்பிடுவதுபோல. செல்கள் முறை வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு எல்லாமாகச் சேர்ந்து கத்துகின்றன. அந்தக் கத்தலுக்கு நடுவில் குழந்தை எதையும் கற்றுக்கொள்ள முடியாது, கற்றதும் போய்விடும். அமைதிப்படுத்துகிற கெமிக்கல் ஒன்று மூளையிலேயே இருக்கிறது, அதை உடைத்துப் போடுகிற நொதியை இந்த மருந்து தடுக்கும், அதனால் அது கூடுதலாகத் தங்கும்.

"காபா" என்றேன்.

"ஆமா. பயாலஜியா படிச்சீங்க?"

பரீட்சைக்கு வராது என்று நான் சொன்ன அந்த வகுப்பின் மத்தியான வெயில், ஜன்னல் கம்பி, மணிக்கட்டைப் பிடித்தபடி சலிப்போடு நின்ற அந்தப் பெண் எல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றன. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, காலையிலும் மாலையிலும் கன்னத்தின் உட்புறத்தில் விட வேண்டும். நீண்ட நாள் கொடுத்தால் பார்வையின் ஓரங்களை அது அரிக்கலாம், அதனால் கண்ணையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைப் பார்க்காத கண்ணை மேலும் குறைக்கக்கூடிய மருந்து. அளவுக் கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, சரியா என்று இன்னொரு முறை பார்த்து, கொடுத்த பிறகு முதலில் பார்த்தது சரியா இரண்டாவது சரியா என்று குழம்பிக்கொண்டிருப்பேன்.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் கும்பிடுவது நின்றது. அன்று முழுவதும் ஒவ்வொரு தூக்கத்துக்கும் பிறகு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. எதிர் வீட்டு அக்கா மறுநாள் வந்து, தயங்கித் தயங்கி, "இப்பம் கும்பிடுதே இல்ல, என்ன?" என்றார். நாங்கள் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தோம். தெரிந்தும் அவர் குரலில் ஒரு இழப்பு இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவரே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவர்மேல் கோபப்பட எவ்வளவோ முயன்றிருக்கிறேன். முடியவில்லை. அவர் படிக்கவில்லை, நான் படித்தேன்.

கும்பிடுவது நின்றது. சிரிப்பு வரவில்லை. நான் குனிகிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கிலுகிலுப்பை ஆட்டுகிறேன். என் பக்கத்திலிருந்து எறிய வேண்டியதை எல்லாம் எறிந்துகொண்டே இருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பிடிக்கிற கை இருக்கிறதா என்பது தெரியவில்லை. எட்டு மாதம், ஒன்பது மாதம். கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை.

மூன்றாவது முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது கணவரும் உள்ளே வந்தார். புதிய பதிவில் கிறுக்கல் குறைந்திருக்கிறது, ஆனால் தெளியவில்லை என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி எப்படிப் பார்ப்பா, எப்படிச் சிரிப்பா? பழைய வீடியோ ஏதாவது இருக்கா?" கணவர் தன் கைப்பேசியை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனார். மூன்று மாதக் குழந்தையாகச் சிரிக்கிற ஒன்றைக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு விரலால் அடுத்ததற்குத் தள்ளினார், அதற்கடுத்ததற்கு. பாயில் மகள். கைகள் எழும்பின. எதிர் வீட்டு அக்காவின் குரல். நான் என் கைப்பேசியில் அழித்தது கணவருடையதில் அப்படியே இருந்தது.

டாக்டர் அதன் தேதியைப் பார்த்தார். கோப்பைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனார். விரலை ஏழு நாள் என்பதன் மேல் வைத்தார். "நீங்க சொன்னதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இருக்கே?"

கணவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "ஏழு நாளா? இருபது நாளுக்கு மேல இருந்துச்சே மேடம். அண்ணனூருக்குக்கூடப் போயிட்டு வந்தாங்களே."

"நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றேன். "இருபத்து நாலு நாள். முதல் நாள்லேருந்து எனக்குத் தெரியும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டுவார் என்று எவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏழின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இருபத்து நான்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். "மருந்து இதையேதான் கொடுத்திருப்பேன். அதுல மாற்றமில்ல."

"முதல் வாரமே வந்திருந்தா சிரிச்சிருப்பாளா மேடம்?"

பேனாவை மூடினார். "சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லதுன்னு எல்லாருக்கும் சொல்றோம். உங்க குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா." பிறகு, "யாராலயும் முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு வேறு எதுவும் இல்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியது. கொரட்டூரில் ஒரு கூட்டம் ஏறி இறங்கிய பிறகு, கணவர் கைப்பேசியைத் திறந்து மூடிவிட்டுச் சொன்னார். "நானும்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். பார்த்துட்டு ஹார்ட் போட்டிருக்கேன்."

அவர் பையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

மகள் விழித்துத்தான் இருந்தாள். தலையில் இன்னும் பசை காயாமல் முடி திரிதிரியாக நின்றது. அவளுடைய வலது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். எந்தக் குழந்தையும் செய்வதுபோல மூடிக்கொண்டாள், அது அவள் செய்வதல்ல, முதுகுத்தண்டு செய்வது, எனக்குத் தெரியும். வகுப்பில் செய்வதுபோல ஒருமுறை அழுத்தினேன். காத்திருந்தேன். அம்பத்தூர் போனது. மறுபடி அழுத்தினேன். திருமுல்லைவாயில். அண்ணனூரில் வண்டி நின்றபோது, அந்த அம்மாவிடம் இன்னும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன், என்ன சொல்வது என்றும் நினைத்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என் விரல் அவள் கைக்குள்ளேயே இருந்தது. ஆவடி வருவதற்குள் இன்னும் ஒருமுறை அழுத்த நேரம் இருந்தது.